விட்ட பழக்கத்தை மறுபடி தொடுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஆடி மாதம் சேலத்தில் யாருடைய அட்டவணையும் சொன்னபடி நடப்பதில்லை. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் ஊர் முழுக்க மாரியம்மன் கோயில்களில் திருவிழாதான். கூழ், பொங்கல், உருளுதண்டம், குகை என்ற பகுதியில் வண்டி வேடிக்கை. வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்கள், தெரு அடைபடும், ஒலிபெருக்கி தூங்கவிடாது. காலையில் காந்தி ஸ்டேடியத்தில் நடப்பவர், இரவில் கடைக் கணக்கு எழுதுபவர், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர் என்று எல்லோருக்கும் ஒரு வாரம், பத்து நாள் விட்டுப்போகும். பண்டிகை முடிந்ததும் பெரும்பாலானோர் ஓரிரு நாளில் தன்னால் பழைய வழிக்கு வந்துவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் அந்தப் பத்து நாள் ஐந்து மாதமாக நீள்கிறது. தைப் பொங்கலுக்குப் புது ஷூ வாங்கி மறுபடி ஆரம்பிப்பார்கள். மாசியில் ஒரு காய்ச்சல் வந்தால் அதுவும் நின்றுவிடும்.

இந்த இரண்டாம் வகையினருக்கு நம் வீடுகளில் 'ஆரம்ப சூரன்' என்ற பட்டம் தயாராக இருக்கிறது. சோம்பல், பொறுப்பின்மை, செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்று காரணங்களும் வரிசையில் நிற்கும். ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், மற்றவர்களைவிட அதிக முறை ஆரம்பித்தவர்கள் இவர்கள்தான். ஆர்வத்துக்கும் குறைவில்லை. நின்ற இடத்திலிருந்து திரும்பி வருவதற்கு இவர்கள் கொடுக்க வேண்டிய விலை மற்றவர்களைவிட அதிகம். அந்த விலை எங்கிருந்து வருகிறது, அதைக் குறைக்க வழி உண்டா என்று பார்ப்போம். கவனத்தையும் துறுதுறுப்பையும் கட்டுக்குள் வைப்பதில் சிறுவயதிலிருந்தே சிக்கல் இருக்கும் ஏ.டி.ஹெச்.டி. என்ற நிலை உள்ளவர்களை முன்வைத்தே பேசுகிறேன். இன்று இருக்கும் தெம்பு நாளை இருக்குமா என்று தெரியாத எவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரே ஆள், வேறு வேறு நாள்

ஏ.டி.ஹெச்.டி. என்றதும் வகுப்பில் ஓரிடத்தில் உட்காராத பையன்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறான். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902-இல் ஆற்றிய உரைகள் தொடங்கி, வெகுகாலம் மருத்துவ உலகமும் இதைக் குழந்தைகளின் பிரச்சினையாகவே பார்த்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980-இல்தான் கவனச் சிக்கலை முன்னால் வைத்துப் பெயரை மாற்றியது. 2013-இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு பெரியவர்களையும் கணக்கில் எடுத்தது. 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 6 அறிகுறிகளுக்குப் பதில் 5 இருந்தால் போதும் என்றது. ஒரு நிபந்தனை உண்டு: 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தென்பட்டிருக்க வேண்டும். மரபின் பங்கு இதில் மிக அதிகம் என்பதால், பிள்ளையைக் காட்டப் போன இடத்தில் அப்பாவுக்கும் இருப்பது தெரியவருவதும் நடக்கிறது.

இவர்களுக்குக் கவனம் இருக்கிறது. அதை வேண்டிய பக்கம், வேண்டிய நேரத்தில் திருப்புவதுதான் கைவருவதில்லை. விசைத்தறி மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு சாப்பாட்டையும் மறந்து நாலு மணி நேரம் உட்காரும் அதே ஆளால், ஒரு பக்க வங்கிப் படிவத்தை மூன்று வாரமாக நிரப்ப முடியாது. வீட்டில் இருப்பவர்களுக்கு இது திமிராகத்தான் தெரியும். "புடிச்சதுன்னா மட்டும் செய்யத் தெரியுது இல்ல?" என்பார்கள். உண்மைதான், ஆனால் அவர்கள் நினைக்கும் அர்த்தத்தில் இல்லை. உடனே கிடைக்கும் பலனுக்கு இந்த மூளை சட்டென்று அசையும். மூன்று மாதம் கழித்து வரப்போகும் பலன் அதற்குக் கிட்டத்தட்ட இல்லாத ஒன்று. டோபமைன், நார்எபிநெஃப்ரின் ஆகிய இரண்டு வேதிப்பொருள்கள் வேலை செய்யும் விதத்தோடு இதற்குத் தொடர்பு உண்டு. கண்ணில் படாத காரியம் மனதிலிருந்தும் மறைந்துபோவது இன்னொரு இயல்பு.

பழக்கங்களைப் பொறுத்தவரை இவற்றைவிட முக்கியமான கூறு வேறொன்று: ஏற்ற இறக்கம். திரையில் ஏதாவது தெரிந்ததும் பொத்தானை அழுத்தச் சொல்லும் எளிய சோதனைகளில், ஏ.டி.ஹெச்.டி. உள்ளவர்களின் வேகம் ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் மற்றவர்களைவிட அதிகமாக மாறுகிறது. பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு இது. வாழ்க்கையிலும் அப்படியே. திங்கட்கிழமை வீட்டையே புரட்டிப்போட்டுச் சுத்தம் செய்தவருக்குப் புதன்கிழமை ஒரு தட்டைக் கழுவ எழுந்திருக்க முடியாது.

ஏ.டி.ஹெச்.டி. இல்லாமலும் இப்படி ஏறி இறங்குபவர்கள் நிறைய உண்டு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தைராய்டு, மாதவிலக்கை ஒட்டிய நாட்கள், மனச்சோர்வு, டெங்கு போன்ற பெரிய காய்ச்சலுக்குப் பிந்தைய வாரங்கள், இரும்பாலையிலும் தறிக்கூடங்களிலும் மாறி மாறி வரும் இரவு ஷிஃப்ட் என்று பட்டியல் நீளும். நாளைக்குத் தன்னால் எவ்வளவு முடியும் என்று இவர்களால் இன்றே சொல்ல முடியாது. பழக்கம் பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளோ, எல்லாருக்கும் எல்லா நாளும் ஒரே தெம்பு என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்குகின்றன.

21 நாளும் 66 நாளும்

எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்று பள்ளி ஆண்டுவிழா மேடையிலிருந்து வாட்ஸ்அப் வரை எல்லாரும் சொல்கிறார்கள். இதன் மூலம் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதினார். முகத்துக்குப் பழகுவதும் தினமும் நடக்கப் போவதும் ஒன்றா என்று யாரும் கேட்கவில்லை. 'குறைந்தது' என்ற சொல்லும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

உண்மையாகவே அளந்து பார்த்தவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலி. 2009-இல் வெளிவந்த அவருடைய குழுவின் ஆய்வில் 96 பேர் கலந்துகொண்டார்கள். ஆளுக்கு ஒரு சிறு பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து 84 நாள் தினமும் பதிவு செய்தார்கள். பழக்கம் தன்னால் நடக்கும் நிலைக்கு வர ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் வித்தியாசம்தான் கவனிக்க வேண்டியது: சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. அந்த ஆய்வின் இன்னொரு முடிவை யாரும் பரப்புவதில்லை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை.

ஒரு நாள் சரி, ஒரு மாதம் விட்டால்? அந்த ஆய்வு அதற்குப் பதில் சொல்லாது. வேறு இரண்டு இடங்களில் பதில் இருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடி மனப்பாடம் செய்து 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். சுத்தமாக மறந்துவிட்டது என்று தோன்றிய பட்டியலைக்கூட இரண்டாம் முறை படிக்கும்போது முதல் முறையைவிடக் குறைந்த நேரமே பிடித்தது. அடுத்தது மூளைக்குள் பார்த்தது. எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் குழுவினர் எலிகளுக்கு ஒரு பாதையில் ஓடிப் பரிசை எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பழக்கம் படிந்ததும் மூளையின் அடிப்பகுதியில் உள்ள நரம்பணுக்களின் இயக்கத்தில் ஒரு தனி வடிவம் உருவானது. பரிசை நிறுத்தியதும் அந்த வடிவம் கலைந்தது. மறுபடி பரிசு வைத்ததும் பழைய வடிவம் சீக்கிரமே திரும்பி வந்தது. இது 2005-இல் வெளியானது.

எலியையும் மனிதரையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். என்றாலும் இரண்டும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன: நின்றுபோன பழக்கம் பெரும்பாலும் அழிவதில்லை, உள்ளே கிடக்கிறது. ஐந்து மாதம் கழித்து ஸ்டேடியத்துக்குள் நுழைபவர் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை. ஆனால் அவருக்கு அப்படித் தோன்றுவதில்லை. "எல்லாம் போச்சு, மறுபடி முதல்லருந்து" என்றுதான் தோன்றுகிறது.

நின்ற இடத்தில் குவிவது

உள்ளே கிடக்கும் ஒன்றை எடுப்பது ஏன் கடினமாக இருக்கிறது? எனக்குத் தெரிந்தவரை மூன்று காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

முதலாவது, தூண்டுதல் காணாமல் போவது. பழக்கம் என்பது ஒரு குறிப்பிட்ட இடமும் நேரமும் பொருளும் கையைப் பிடித்து இழுப்பதால் நடப்பது. வெண்டி வுட் என்ற உளவியலாளரும் உடனிருந்தவர்களும் 2005-இல், ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய மாணவர்களை ஆராய்ந்தார்கள். உடற்பயிற்சி, செய்தித்தாள் படிப்பது, தொலைக்காட்சி பார்ப்பது ஆகிய மூன்றிலும், புது இடத்தின் சூழல் பழைய இடத்தை ஒத்திருந்தால் பழக்கம் தொடர்ந்தது. சூழல் மாறினால் தளர்ந்தது. ஏற்காட்டிலிருந்து இறங்கிச் சேலத்தில் ஹாஸ்டலில் சேரும் பெண்ணை யோசித்துப் பாருங்கள். மேலே இருந்தவரை விடியற்காலைக் குளிரில் அம்மா அடுப்பு மூட்டும் சத்தம்தான் அவளைப் படிக்க எழுப்பியது. அஸ்தம்பட்டி ஹாஸ்டலில் அந்தச் சத்தம் இல்லை. அவளுடைய மன உறுதி மலையிலேயே தங்கிவிடவில்லை. அவளை எழுப்பியதுதான் அங்கே தங்கிவிட்டது. ஏ.டி.ஹெச்.டி. உள்ளவருக்கு ஊர் மாறக்கூட வேண்டாம். விருந்தாளிக்காக ஷூவை எடுத்து பீரோவின் மேல் வைத்தாலே போதும்.

இரண்டாவது, பாக்கி. இதுதான் மூன்றிலும் கனமானது, ஆனால் அறிவுரைகளில் அதிகம் பேசப்படாதது. செவ்வாப்பேட்டையில் வெள்ளி வாங்கிச் சின்னதாகக் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒருவரை வைத்துக்கொள்வோம். யாருக்கு எவ்வளவு வெள்ளி கொடுத்தது, எவ்வளவு கொலுசாகத் திரும்பியது, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தினம் இரவு எழுத வேண்டும். கால் மணி நேர வேலை. ஆடியில் மூன்று வாரம் எழுதவில்லை. இப்போது நோட்டைத் திறந்தால் அது கால் மணி நேர வேலையாக இல்லை. சீட்டுகளைத் தேட வேண்டும், பட்டறை ஆட்களிடம் கேட்க வேண்டும், மறந்துபோனதை மனதுக்குள் துழாவ வேண்டும். அரை நாள் போய்விடும். அரை நாள் தெம்பு என்றைக்கு வருமோ அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நோட்டை மூடி வைக்கிறார். மறுநாள் பாக்கி இன்னும் ஒரு நாள் கூடிவிடுகிறது. அந்த இடைவெளிதான் வட்டி போட்டு வளர்கிறது. நடைப்பயிற்சி போன்ற பாக்கி இல்லாத பழக்கங்களிலும் நாமே பாக்கியை உண்டாக்கிக்கொள்கிறோம்: பத்து நாள் விட்டதைச் சேர்த்து இன்று எட்டு ரவுண்டு போனவர் மறுநாள் கெண்டைக்கால் வலியில் படுத்துவிடுகிறார்.

மூன்றாவது, வெட்கம். ஹெர்மன், மேக் என்ற இரு ஆய்வாளர்கள் 1975-இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று பிரபலமானது. உணவைக் கட்டுப்படுத்தி வந்தவர்களுக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டுப் பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். மில்க்‌ஷேக் குடித்த பிறகு குறைவாகச் சாப்பிடுவார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? அவர்களைப் போலவே கட்டுப்பாட்டில் இருந்து, மில்க்‌ஷேக் குடிக்காதவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு எப்படியும் உடைந்தாயிற்று, இனி எவ்வளவு போனால் என்ன என்ற மனநிலை. 'சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன' என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். ஏ.டி.ஹெச்.டி. உள்ளவர் சிறுவயதிலிருந்தே ரேங்க் கார்டில், வாசலில், பந்தியில் என்று "ஒன்னையாவது முழுசா செஞ்சிருக்கியா?" என்பதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். ஒரு நாள் தவறியதும் அந்தக் குரல் முழுவதும் எழுந்துவிடும். அதைக் கேட்காமல் இருக்க எளிய வழி, நோட்டைப் பார்க்காமலே இருப்பது.

மலையில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவானவர்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு வந்த பயிர் அது. அராபிகா செடி ஒரு வருடம் கிளை தாங்காமல் காய்த்தால் அடுத்த வருடம் இளைத்துப்போகும். காய்த்துக் களைத்த கிளை மறுபடி காய்க்காது. புதுக் கிளை விட்டு முதிர வேண்டும். குறைந்து காய்த்த வருடத்தில் யாரும் செடியைத் திட்டுவதில்லை, பிடுங்கி எறிவதுமில்லை. பறித்து முடித்ததும் கவாத்து செய்துவிட்டு, மார்ச், ஏப்ரலில் பெய்யும் மழைக்குப் பூக்கும் என்று காத்திருக்கிறார்கள். நிழல் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகு இடையில் கொஞ்சம் கை கொடுக்கும். இளைக்கும் வருடம் வரும் என்று தெரிந்தே திட்டம் போடுகிறார்கள். தொடர்ச்சியை மட்டும் வைத்து மதிப்பெண் போடுகிறவர் அந்தத் தொழிலில் நிலைக்க முடியாது.

திரும்பும் வழியை முன்பே போட்டுவைப்பது

ஏறி இறங்கும் தெம்பு உள்ளவர் நிற்காமல் இருப்பதற்குச் செலவழிக்கும் யோசனையில் பாதியையாவது, நின்றால் எப்படித் திரும்புவது என்பதற்குச் செலவழிக்க வேண்டும் என்பது என் கட்சி. நிற்பது உறுதி. அதற்கு ஏற்பாடு இருக்கிறதா என்பதே கேள்வி.

பாக்கியிலிருந்து தொடங்கலாம். கொலுசுப் பட்டறைக்காரர் மூன்று வாரக் கணக்கைத் தள்ளுபடி செய்ய முடியாது. வெள்ளி விலை அப்படி. ஆனால் பாக்கியைப் பழக்கத்திலிருந்து பிரித்துவைக்க முடியும். நோட்டில் ஒரு கோடு போட்டு, இன்று கையிலிருக்கும் வெள்ளியை எடை போட்டு ஆரம்ப இருப்பாக எழுதி, இன்றிரவு இன்றைய கணக்கை மட்டும் எழுத வேண்டும். பழைய மூன்று வாரம் தனி வேலை. அதற்கு வேறொரு நாள், முடிந்தால் மச்சானையோ கணக்கு எழுதும் பையனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். படிப்புக்கும் இதேதான். விட்டுப்போன ஆறு பாடத்தைப் பிடித்த பிறகுதான் இன்றைய பாடம் என்று வைத்தால் இன்றைய பாடமும் பாக்கியில் சேரும். நடை, யோகா, கோலம், டைரி போன்றவற்றில் பிரித்துவைக்கக்கூட வேண்டாம். விட்டது விட்டதுதான், ஒரு பைசா பாக்கி கிடையாது.

அடுத்து அளவு. ஒரு பழக்கத்துக்கு ஒரே அளவு வைப்பதுதான் இவர்களுக்கு ஒத்துவராத விஷயம். நல்ல நாளைக்கு ஸ்டேடியத்தில் 40 நிமிடம், நடுத்தர நாளைக்குத் தெருமுனைப் பிள்ளையார் வரை, ஒன்றுமே முடியாத நாளைக்கு ஷூவை மாட்டி வாசலில் இரண்டு நிமிடம் நிற்பது என்று முன்பே முடிவு செய்துவைத்தால், களைத்த நாளில் உட்கார்ந்து பேரம் பேச வேண்டியதில்லை. வாசலில் நிற்பதால் என்ன உடற்பயிற்சி என்று சிரிப்பார்கள். உடற்பயிற்சி எதுவும் இல்லைதான். ஷூவுக்கும் காலைக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த இரண்டு நிமிடத்தின் வேலை. அதோடு, நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்புபவர் முதல் சில நாள் இருப்பதிலேயே சின்ன அளவில் தொடங்குவது நல்லது. பெரும்பாலானோர் நேர்மாறாகச் செய்கிறார்கள். குற்ற உணர்வைத் தீர்க்கப் பெரிய அளவில் தொடங்கி மூன்றாம் நாள் சாய்கிறார்கள்.

தூண்டுதலைத் திரும்ப வைப்பதற்கு உளவியலில் நன்றாகச் சோதிக்கப்பட்ட ஒரு முறை உண்டு. பீட்டர் கோல்விட்ஸர் 1990-களில் முன்வைத்தது. 'தினமும் நடப்பேன்' என்று பொதுவாகத் தீர்மானிக்காமல், 'இது நடக்கும்போது இதைச் செய்வேன்' என்று ஒரு குறிப்பிட்ட கணத்தோடு செயலை முடிச்சுப் போடுவது. 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2006-ஆம் ஆண்டுக் கட்டுரை, இலக்கை அடைய இது கணிசமாக உதவுவதாகச் சொன்னது. ஏ.டி.ஹெச்.டி. உள்ள குழந்தைகளிடமும் பலன் தெரிந்திருக்கிறது. வழக்கமாக இதைப் பழக்கத்தைத் தொடங்கப் பயன்படுத்துவார்கள். திரும்புவதற்கும் ஒன்று எழுதிவைக்கலாம். "ஊரிலிருந்து வந்த மறுநாள், பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கும்போது, செருப்புக்குப் பதில் ஷூவை மாட்டுவேன்." "காய்ச்சல் விட்டு முதன்முதலாகக் குளித்த அன்று, ஈரத் துண்டைக் காயப்போட்டதும் நோட்டைத் திறப்பேன்." எழுதும்போது கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றும், பரவாயில்லை.

முடிச்சு போடும் கணம் வெளியிலிருந்து தானாக வருவதாக இருந்தால் நல்லது. பால்காரர், ஸ்கூல் வேன், கோயில் மணி, குழாயில் தண்ணீர் வரும் நேரம் இவையெல்லாம் நம் மனநிலையைக் கேட்டு வருவதில்லை. போன் அலாரம் சீக்கிரம் செத்துவிடும். ஒரு வாரத்தில் கை தன்னால் அதை அணைக்கப் பழகிக்கொள்ளும். ஷிஃப்ட் மாறுகிறவருக்குக் 'காலை 6 மணி' என்பது மாதத்தில் பாதி நாள் இருக்கவே இருக்காது. எந்த ஷிஃப்ட்டானாலும் வீட்டுக்கு வந்ததும் டிபன் கேரியரைக் கழுவப் போட்டாக வேண்டும். அதோடு முடிச்சுப் போட்டால் கடிகாரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

நல்ல நாளுக்குக் காத்திருப்பது பற்றி ஒரு வார்த்தை. ஹெங்சென் டாய், கேட்டி மில்க்மன், ஜேசன் ரிஸ் ஆகியோர் 2014-இல் காட்டியபடி, வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், புத்தாண்டு, பிறந்தநாளுக்குப் பின் மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அதிகம் போகிறார்கள். பழைய தோல்வியைப் பழைய கணக்கில் தள்ளிவிட அந்த நாட்கள் உதவுகின்றன. நமக்கு இந்த வசதி கூடுதலாகவே உண்டு: தை பிறந்தால் வழி பிறக்கும், சித்திரை ஒன்று, விஜயதசமி. அதேபோலத் தடைகளும் தாராளம். ஆடியில் எதுவும் ஆரம்பிக்கக் கூடாது, செவ்வாய்க்கிழமை வேண்டாம், ராகு காலம் போகட்டும். தள்ளிப்போடக் காரணம் தேடும் மனதுக்குப் பஞ்சாங்கம் முழுக்கக் காரணம்தான். இதே ஆடியைத்தான் விவசாயி 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்கிறார் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம். புது நாள் தானாக வந்து உதவினால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்; அடுத்த திங்கட்கிழமைக்காக இந்த வியாழக்கிழமையை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பக்கத்தில் ஒருவர் இருந்தால் வேலை நகர்கிறது என்று ஏ.டி.ஹெச்.டி. உள்ள பலர் சொல்கிறார்கள். கட்டளையிட வேண்டாம், உதவவும் வேண்டாம். அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அங்கே இருந்தால் போதும். இது பெரும்பாலும் அனுபவத்தில் கண்டது. சோதித்துப் பார்க்கச் செலவு ஒன்றுமில்லை என்பதால் சொல்கிறேன். அதோடு, அலுத்துப்போன பழக்கத்தின் உருவத்தை மாற்றவும் தயங்க வேண்டாம். ஸ்டேடியம் சலித்தால் மூக்கனேரிக் கரை, அதுவும் சலித்தால் வீட்டிலேயே பாட்டுப் போட்டு ஆட்டம்.

வீட்டில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வியும் திரும்பும் விலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். "ஏங்க, வாக்கிங் போறதையே விட்டுட்டீங்களா?" என்ற கேள்விக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். விளக்கம் சொல்ல வெட்கப்பட்டு அவர் இன்னும் ஒரு வாரம் போகமாட்டார். "நாளைக்குப் போறப்ப சொல்லுங்க, நானும் வர்றேன்" என்பதற்கு விளக்கம் தேவையில்லை. நேரம் சொன்னால் போதும்.

இவ்வளவு தாராளமும் செல்லாத ஓர் இடம் உண்டு: மாத்திரை. ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, தைராய்டு போன்றவற்றுக்கு எடுக்கும் மருந்தை 'முடியாத நாளைக்குப் பாதி அளவு' என்ற விதியில் கொண்டுவரக் கூடாது. விட்டதற்குச் சேர்த்து இரண்டாகப் போடுவதும் ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே திரும்பலாம். மருந்தை விட்டுவிட்டால் எப்படித் தொடங்குவது என்பதை மருத்துவரிடமே கேட்க வேண்டும். நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பை, கிழமைவாரியாக அறை பிரித்த மாத்திரை டப்பாவிடமும் வீட்டில் இன்னொருவரிடமும் ஒப்படைத்துவிடலாம்.

முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பது? தொடர்ந்து எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டும் செயலிகள் இவர்களுக்குக் கெடுதல் என்றே நினைக்கிறேன். எண்பதாம் நாள் ஒன்று விட்டதும் எண் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அதோடு செயலியும் போகும். அதற்குப் பதில் இடைவெளியை அளக்கலாம். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் பழக்கம் நின்ற நாளையும் திரும்பிய நாளையும் மட்டும் குறித்துவந்தால் போதும். முதல் இடைவெளி இரண்டு மாதம், அடுத்தது ஐந்து வாரம், அதற்கடுத்தது பன்னிரண்டு நாள் என்று சுருங்கினால், எத்தனை முறை நின்றிருந்தாலும் ஏற்பாடு வேலை செய்கிறது.

சுருங்கவில்லை என்றால், அல்லது தெம்பே அடிமட்டத்தில் கிடக்கிறது என்றால், பழக்கத்தை விட்டுவிட்டு உடம்பைப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஏ.டி.ஹெச்.டி.யைக் கண்டறிய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. மனநல மருத்துவர் சிறுவயதிலிருந்து நடந்ததைக் கேட்டுத்தான் முடிவுக்கு வருவார். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால், மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416-இல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மருந்து தேவைப்பட்டால் வழக்கமாகத் தரப்படும் மீத்தைல்ஃபெனிடேட் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவது. மருத்துவரின் சீட்டில்லாமல் கிடைக்காது, சீட்டு இருந்தாலும் எல்லா மருந்துக் கடையிலும் வைத்திருக்கமாட்டார்கள். அந்த வகையில் சேராத அடோமாக்ஸெடின் போன்றவையும் உண்டு. மருந்து கவனத்துக்கு உதவும்; ஷூவை வாசலில் எடுத்துவைப்பதை அதுவே செய்துவிடாது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தக் காலண்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். ஏற்ற இறக்கத்தைப் பத்து நிமிடத்தில் வாயால் சொல்லிப் புரியவைப்பதைவிட அது சுலபம். 12 வயதுக்கு முன் எப்படி இருந்தீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள் என்பதால், பரணில் பழைய ரேங்க் கார்டு கிடந்தால் அதையும், முடிந்தால் உங்களை வளர்த்த அம்மாவையோ பெரியம்மாவையோ உடன் அழைத்துக்கொண்டு போவதும் நல்லது.